இளக்காரச் சிரிப்பு

2019 ஆகஸ்ட் 4, ஞாயிறு

எப்சிபா வந்து சேர்ந்துவிட்டாள். இரண்டு பெட்டி, ஒரு தலையணை. முதல் மாடிக்கு இருபத்திரண்டு படி, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாவட்ட வாலிபால் அணியில் ஆடியவள், இருபத்தாறு வருடமாக உடற்பயிற்சி ஆசிரியை. அவளுக்கு ஐம்பத்தொன்று, எனக்கு ஐம்பத்தேழு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்தான் ஏறினேன்.

"கால் ஓயுதுக்கா, ஒரு நிமிசம் நில்லு" என்றாள்.

"வாலிபால் ஆடுன காலா ஓயுது?" என்று கேட்டேன்.

சிரித்தாள். அதைச் சிரிப்பு என்று சொல்வது தப்பு. மேல் உதடு மட்டும் ஏறிப் பல் தெரிந்தது, வாயின் ஓரங்கள் அசையவே இல்லை. இந்த இளக்காரச் சிரிப்பு எனக்குப் பழக்கம்தான். மருத்துவப் பட்டம் வாங்காமல் நர்சிங் கல்லூரியில் உடலியங்கியல் நடத்துகிறவளைப் பார்த்து டாக்டர்கள் சிரிப்பது இப்படித்தான். என் தங்கையும் அதைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள்.

இந்த நோட்டு எதற்கு என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். போன மாதம் எப்சியின் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. சாயங்காலம் மைக்கைப் பிடித்துப் பேசும்போது நாக்கு குழறியது, கண் சொருகியது, கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஆயிரம் பேர் பார்த்தார்கள். டீச்சர் குடித்திருந்தார் என்று பெற்றோர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவள் கணவர் தங்கதுரை மஸ்கட்டிலிருந்து போன் செய்தார். "மதினி, அவ அப்படிப்பட்டவ இல்ல. உங்க வீட்டுக்குத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. பக்கத்துல வச்சுப் பாருங்க."

பார்க்கிறேன். தேதியும் நேரமும் போட்டு எழுதியும் வைக்கிறேன். மனைவியை நம்புகிற ஆண்களுக்கு எழுத்தில் காட்டினால்தான் உறைக்கும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலை ஏழு மணி: தெளிவாக இருந்தாள். பேச்சு சுத்தம். மூன்று இட்லி சாப்பிட்டாள். கேட்காமலே வாசலைப் பெருக்கினாள்.

மாலை ஐந்தே கால், நான் கல்லூரியிலிருந்து வந்தபோது: இரண்டு கண்ணும் பாதி மூடியிருந்தன. இடது கண் கூடுதலாக. பேச்சு மூக்கால் வந்தது.

நான் வீட்டில் இல்லாத எட்டு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்க முனைவர் பட்டம் தேவையில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

அவள் குளிக்கும்போது இரண்டு பெட்டியையும் பார்த்தேன். தலையணை உறைக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கெட்டிக்காரி.

ஆகஸ்ட் 9, வெள்ளி

நரம்பும் தசையும் சந்திக்கும் இடம் பற்றி இன்று முதலாண்டுக்கு நடத்தினேன். இருபத்தொன்பதாவது வருடம், அதே பாடம். நாற்பத்தாறு பெண்கள், நாற்பத்தாறு திறந்த வாய்கள். நரம்பு தசையைத் தொடுகிறது என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஏதோ சுவிட்சிலிருந்து பல்புக்கு ஒயர் போகிற மாதிரி.

தொடுவதில்லை என்றேன். மூளையிலிருந்து கிளம்பும் மின் துடிப்பு நரம்பின் நுனிவரைதான் வரும். அதற்கப்பால் ஒரு மயிரிழையைவிடச் சன்னமான இடைவெளி. நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சிந்தி அந்த இடைவெளியைக் கடக்கிறது. அதை வாங்கிக்கொள்ளத் தசையின் மேல் ஏற்பிகள் காத்திருக்கின்றன. அவை வாங்கினால்தான் தசைக்குள் மறுபடி மின்சாரம் ஓடும், கால்சியம் அவிழ்ந்து கொட்டும், இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இழுக்கும், தசை சுருங்கும். நீங்கள் இமை கொட்டுவதற்குள் இத்தனையும் முடிந்துவிடும் என்றேன். உடனே நாற்பத்தாறு பேரும் இமை கொட்டினார்கள். இதுகளிடம் நாளைக்கு ஊசியைக் கொடுக்கப் போகிறார்கள்.

கடைசி வரிசையில் ஒருத்தி தூங்கினாள். தசை இறுகுவதற்கு மட்டுமல்ல, தளர்வதற்கும் சக்தி வேண்டும், அந்தச் சக்தி தீர்ந்துபோவதால்தான் பிணம் விறைக்கிறது என்று சத்தமாகச் சொன்னேன். விழித்துக்கொண்டாள்.

இந்த அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த இடைவெளியில் வரும் நோய்கள் இருக்கின்றன. நான் அதை நடத்துவதில்லை. பல வருடங்களுக்கு முன்பு நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு டாக்டர் வகுப்பு வாசலில் நின்று, "மேடம், நோயை நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க தவளைக் காலோட நிறுத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் முன்னால் சிரித்தான். நிறுத்திக்கொண்டேன். அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் எப்சி பின்னால் வந்து தோளில் கைவைத்தாள்.

"இது என்னக்கா, தோளா கல்லா? காதுவரைக்கும் தூக்கி வச்சிருக்க. தொங்கப் போடு. யாரு வந்து உன்னைய அடிக்கப் போறா?"

நாலு தடவைதான் அமுக்கினாள். அதற்குள் விரல் துவண்டுவிட்டது. அன்பைக்கூட நாலு அமுக்கலோடு முடித்துக்கொள்கிறவள். தோளை நான் தளர்த்தவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மாலை ஏழு மணி: சப்பாத்தியை மென்றுகொண்டே இருந்தாள். பாதியில் தாடையைக் கையால் ஏந்திப் பிடித்து, கையாலேயே மேலும் கீழும் ஆட்டி மென்றாள். காபி மூக்கு வழியாக வந்தது. தண்ணீரைத் தம்ளருக்கு வெளியே ஊற்றினாள்.

"ரெண்டு தம்ளரா தெரியுதுக்கா" என்றாள். அவளே ஒப்புக்கொள்கிறாள்!

தம்ளரை மோந்து பார்த்தேன். காபி வாசனைதான்.

ஆகஸ்ட் 17, சனி

எப்சியின் தலைமையாசிரியை வயலெட் மறுபடியும் போன் செய்தார். குரலில் தேன், கேள்வியில் ஊசி. "உங்க தங்கச்சி இப்ப எப்படி இருக்காங்க?" என்றார்.

"போன தடவை சொன்னதுதான். அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல" என்றேன்.

போன தடவை என்ன சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை. ஒரு பொறுப்பான இடத்திலிருந்து கேட்டார்கள். மனதில் பட்டதைச் சொன்னேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, சொல்லாமல் இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மெதுவாகப் பூட்டைத் திறந்தேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான்.

தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்படி, குளியலறை, பால்கனி எல்லா இடமும் பார்த்துவிட்டேன். ஒரு செம்பில் சீரகத் தண்ணீர் இருந்தது. மூன்று மணிக்கு எழுந்தாள். கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன, பேச்சும் தெளிவு. "என்னக்கா, மேலுக்குச் சொகமில்லையா?" என்று என்னை விசாரித்தாள்.

ஐந்தரைக்குள் மறுபடி கண் சொருகிவிட்டது. இடையில் அவள் என் பார்வையைவிட்டு நகரவில்லை. பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள், அவ்வளவுதான்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் கவனிக்கிறேன் என்று தெரிந்து நடிக்கிறாள் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கூட்டிப்போகாவிட்டால், வீட்டில் தங்கை இருக்கிறாளாமே என்று ஒவ்வொருத்தியும் கேட்பாள். பாட்டில் மூன்றாவது சரணத்தில் எப்சியின் குரல் காற்றாகிவிட்டது. பிரசங்கத்தின்போது தலை முன்னால் சரிந்தது. மோவாயில் கையை முட்டுக்கொடுத்து நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். முன்வரிசைப் பட்டுச்சேலைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. ஜெபம் பண்ண வந்தவர்களின் கழுத்துக்கு இவ்வளவு சுழற்சி இருப்பது எனக்கு ஆச்சரியம்.

வாசலில் ஒருத்தி, "தங்கச்சிக்கு ரொம்ப அசதியோ?" என்று கேட்டாள். எப்சி அவளைப் பார்த்தும் அப்படியே பல்லைக் காட்டினாள். ஆக, அந்தச் சிரிப்பு எனக்கு மட்டும் இல்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

எப்சிக்குக் காய்ச்சல், நீர்க்கடுப்பு. டாக்டரிடம் போகலாமா என்றாள். இதற்கெல்லாம் டாக்டர் எதற்கு? மாத்திரை கொடுத்தேன்.

ஆகஸ்ட் 31, சனி

கையைத் தலைக்குமேல் தூக்கிச் சீவ முடியவில்லையாம். நான்தான் சீவிவிட்டேன். எழுந்து நடப்பதற்குக்கூடச் சுவரைப் பிடிக்கிறாள். மாத்திரை ஆரம்பித்து இரண்டு நாள்தான் ஆகிறது, காய்ச்சல் குறைந்துவிட்டது. அப்புறம் இது என்ன?

"அக்கா, பயமா இருக்கு" என்றாள் மூக்கால்.

பயம் எல்லாருக்கும்தான் இருக்கிறது. அதற்காக யாரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

ஆஸ்பத்திரி.

செப்டம்பர் 2, திங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வேறு வேலை இல்லை. உள்ளே பத்து நிமிடம்தான் விடுகிறார்கள்.

நேற்று மதியம் கஞ்சி கொடுத்தேன். ஒரு வாய் விழுங்கினாள், புரையேறியது. இருமப் பார்த்தாள், இருமல் வரவில்லை. நெஞ்சு தூக்கவே இல்லை. கழுத்து மட்டும் குழிந்து குழிந்து விழுந்தது. கண் என்மேலேயே இருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னேன். அது என்ன வார்த்தை என்று எழுத மாட்டேன். அதற்குப் பிறகு அவள் உதடு நீலமாவதைப் பார்த்தேன்.

எதிர்வீட்டு மாரியப்பனும் அவர் மனைவியும் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். தினமும் செருப்பை என் வாசலில் விடுகிறார்கள் என்று நான் மூன்று வருடமாகப் பேசாமல் இருக்கும் குடும்பம். 108-க்குப் போன் செய்ததும் அவர்கள்தான்.

நரம்பியல் டாக்டர் பெயர் ரஹ்மத் நிஷா. நாற்பது வயது இருக்கும். ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கி எப்சியிடம், "ஒரே மூச்சில ஒண்ணு, ரெண்டு எண்ணுங்கம்மா" என்றார். எப்சி ஏழுவரை எண்ணினாள். எட்டு காற்றில் கரைந்துவிட்டது. கையுறைக்குள் பனிக்கட்டியைப் போட்டு இடது இமைமேல் இரண்டு நிமிடம் வைத்திருந்து எடுத்தார். ஒரு மாதமாகச் சொருகிக்கிடந்த அந்த இமை ஜன்னல் மாதிரி திறந்தது.

பாடத்தின் அந்தக் கடைசிப் பக்கம் எனக்கு வரிவரியாகத் தெரியும். நடத்துவதில்லையே தவிர, மறக்கவில்லை.

"எப்பலருந்து இருக்கு? எந்த நேரத்துல கூடுது? ஓய்வெடுத்தா குறையுதா?" என்று டாக்டர் கேட்டார்.

எப்சி கண்ணில் படக்கூடாது என்று இந்த நோட்டைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். எடுத்து வாசித்தேன். ஆறாம் தேதி காலை தெளிவு, மாலை ஐந்தே காலுக்கு இமை இறக்கம். பதின்மூன்று, மெல்லுவதில் சோர்வு, இரட்டைப் பார்வை. இருபது, ஒரு மணி நேரத் தூக்கத்துக்குப் பின் முழுத் தெளிவு. வாசிக்க வாசிக்க என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"குடுங்க, நானே பாக்கேன்" என்று கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. நின்றுகொண்டே பக்கம் பக்கமாகப் புரட்டினார். பெட்டியைப் பார்த்த பக்கத்தில் கை நின்றது. நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார்.

"இவ்வளவு துல்லியமான கேஸ் ஷீட் நான் பாத்ததில்ல. எழுதுனவங்க கண்ணு ரொம்பக் கூர்மை" என்றார். அதற்குமேல் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு சொல் சொல்லியிருப்பேன்.

பிறகு கேட்டார்: "கடைசி நாலு நாள்ல என்ன மாத்திரை குடுத்தீங்க?" பெயரைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. இந்த நோய்க்காரர்களுக்கு அந்த ஆன்டிபயாடிக் கொடுக்கவே கூடாதாம்.

"யாரு எழுதிக் குடுத்தா?"

"மெடிக்கல்ல குடுத்தாங்க" என்றேன்.

மெடிக்கலில்தான் கொடுத்தார்கள். ஜூன் மாதம், எனக்கு. மிச்சம் ஆறு இருந்தது.

செப்டம்பர் 3, செவ்வாய்

குழாய் போட்டிருக்கிறார்கள். இயந்திரம் மூச்சுவிடுகிறது.

செப்டம்பர் 4, புதன்

அதே.

செப்டம்பர் 6, வெள்ளி

ஒன்றுவிட்டு ஒருநாள் ரத்தத்தை வெளியே எடுத்து, அதில் இருக்கும் கெட்ட எதிர்ப்பொருளை நீக்கித் திருப்பி ஏற்றுகிறார்கள். இன்று டாக்டர் என்னை உட்காரவைத்து விளக்கினார்.

"நரம்பு ஒழுங்காத்தான் கூப்பிடுது. தசையும் ஆரோக்கியமாத்தான் இருக்கு. நடுவுல வாங்குற இடத்தை அவங்க உடம்பே அடைச்சிருது, அழிச்சிருது. காலையில கொஞ்சம் தாங்கும். பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோவும். சிரிக்கணும்னு நெனப்பாங்க, வாயோரம் மேல ஏறாது. பாக்கிறவங்களுக்கு முறைக்கிற மாதிரி தெரியும்."

எனக்கு நரம்பு–தசைச் சந்திப்பு பற்றி வகுப்பெடுக்கிறார். இவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து நான் நடத்துகிற பாடம்.

"நீங்க என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்டார்.

"டீச்சர்" என்றேன். என்ன பாடம் என்று கேட்டுவிடுவாரோ என்று எழுந்துகொண்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மாரியப்பன் மனைவி சோறு கொண்டுவந்தாள். உப்பே இல்லை. முழுவதையும் சாப்பிட்டேன்.

கல்லூரியிலிருந்து மாணவிகள் நாலு பேர் பயிற்சிக்காக இந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். தூங்கினவளும் அதில் ஒருத்தி. எப்சியின் வாயில் சேரும் எச்சிலைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தாள். கை நடுங்கவே இல்லை. வேலை முடிந்ததும் எப்சியின் நெற்றியில் கைவைத்து, "முடிஞ்சிட்டும்மா, முடிஞ்சிட்டு" என்றாள். நான் நடத்தியதில் எதுவும் அதில் இல்லை.

செப்டம்பர் 12, வியாழன்

குழாயை எடுத்துவிட்டார்கள். முதலில் தண்ணீர் கேட்டாள். இரண்டாவதாக என்னைப் பார்த்து, "நீ சாப்பிட்டியா?" என்றாள். தொண்டை புண், குரல் இல்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

சாப்பிட்டேன் என்று எரிந்து விழுந்தேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

வீடு. ஒரு நாளைக்கு நாலு வேளை மாத்திரை, சரியான நேரத்துக்கு. அலாரம் வைத்திருக்கிறேன். மாத்திரை போட்ட முக்கால் மணி நேரத்தில் இமை ஏறுகிறது. நான் உட்கார்ந்து பார்க்கிறேன்.

தங்கதுரை ஒரு மாத விடுப்பில் வந்திருக்கிறார். அடுப்படியில் நின்று அழுகிறார். இந்த மனிதருக்கு அழுவதற்கு வேறு இடமே கிடைக்காதா? ரசம் வைக்க வழியில்லை.

அக்டோபர் 9, புதன்

இன்று பள்ளியில் விசாரணை. டாக்டர் கொடுத்த சான்றிதழோடு எப்சியை வாடகைக் காரில் கூட்டிப்போனேன். தங்கதுரை முன்சீட்டில். பெரிய மேசை, மேசைக்கு அந்தப் பக்கம் தாளாளர், பக்கத்தில் தலைமையாசிரியை வயலெட். சான்றிதழை நாலு தடவை படித்தார்கள். ஆங்கிலத்தில் நாலு வரி. அதற்கு இவ்வளவு நேரம்!

நான் பேசினேன். குடிகாரிக்கும் நோயாளிக்கும் வித்தியாசம் தெரியாத பள்ளிக்கூடத்தில் என்ன கற்றுக்கொடுக்கிறீர்கள், ஒரு டாக்டரிடம் அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையா, இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவளுக்கு இதுதான் மரியாதையா என்றெல்லாம் கேட்டேன். நன்றாகத்தான் பேசினேன். தங்கதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாளாளர் அமைதியாகக் கேட்டுவிட்டு ஒரு பைலைத் திறந்தார். "அம்மா, நாங்க அவசரப்பட்டது தப்புதான். மன்னிப்புக் கேக்கோம். ஆனா நாங்களா முடிவு பண்ணல. ஜூலை இருபத்தொன்பதாம் தேதி ஹெச்செம் உங்களுக்குப் போன் பண்ணி, இவங்களுக்குக் குடிப் பழக்கம் உண்டான்னு கேட்டாங்க. 'ரொம்ப நாளா உண்டு, வெளிய சொல்ல வெக்கப்பட்டு மறைச்சிட்டோம்'னு நீங்க சொன்னதா இங்க பதிவு இருக்கு. சொந்த அக்காவே சொல்லும்போது நாங்க என்ன செய்ய?"

வயலெட் என்னைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தார். தங்கதுரை திரும்பி என்னைப் பார்த்தார். எப்சி மட்டும் அசையவில்லை.

வேலையைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். மைதானம் வேண்டாம், அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. வளாகத்திலேயே ஒரு வீடும் கொடுப்பதாகச் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்தினோம். தங்கதுரை டீ குடிக்க இறங்கியபோதுதான் கேட்டேன்: "உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. ஹெச்செம் என் முகத்துக்கு நேராச் சொன்னாவ, உங்க அக்காவே சொல்லிட்டாங்கன்னு."

"தெரிஞ்சுமா என் வீட்டுக்கு வந்த?"

சற்று நேரம் மூச்சுவாங்கிவிட்டுப் பேசினாள். "எனக்கு என்னன்னு எனக்கே தெரியலக்கா. மூணு மாசமா கை எங்கயோ, நான் எங்கயோன்னு இருந்துச்சு. சொன்னா யாரும் நம்பல. வீட்டுக்காரர் நம்புனாரு, ஆனா அவருக்கு என்ன தெரியும்? நீதான் நரம்பு, தசைன்னு ஆயுசு பூராப் படிச்சவ. ஒரு மாசம் உன் கண்ணு முன்னால கெடந்தா உனக்குத் தெரிஞ்சிரும்னு நெனச்சேன். திட்டிக்கிட்டேயாவது கண்டுபிடிச்சிருவேன்னு வந்தேன்."

தங்கதுரை டீயோடு வந்துவிட்டார். எனக்கும் ஒரு கிளாஸ் வாங்கி வந்திருந்தார். வாங்கிக்கொண்டேன். சூடு உறைக்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

ஏன் சொன்னேன் என்று எழுத உட்கார்ந்தேன். நான் அம்மாவுக்கு மலம் அள்ளிய நாலு வருடமும் இவள் பதக்கமும் கோப்பையுமாகப் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது ஒரு காரணம். அது பொய். மாதம் ஒருமுறை வந்தாள், நான்தான் வாசலிலேயே நிறுத்தி, அம்மா தூங்குகிறாள் என்று அனுப்பிவிடுவேன்.

அன்று காலை போன் வந்தபோது நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருத்தர் என்னிடம் கருத்துக் கேட்கிறார் என்ற சந்தோஷத்தில் சொன்னேன். இதுதான் காரணம். இதைவிடக் கேவலமான காரணம் கிடைத்தால் எழுதுகிறேன்.

அக்டோபர் 12, சனி

எப்சி பள்ளி வளாக வீட்டுக்குப் போய்விட்டாள். பெட்டியைத் தங்கதுரை தூக்கினார். நான் தூக்க வந்தபோது, "இருக்கட்டும் மதினி" என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கோபப்பட்டது இதுதான் முதல் தடவை.

ரஹ்மத் நிஷாவிடம் போய், அந்த மாத்திரை என் மேசையில் மிச்சமிருந்தது என்று சொன்னேன். "தெரியும். எந்த மெடிக்கல்லன்னு அன்னைக்கே ரெண்டாவது தடவை கேட்டேன், நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்க" என்றார். கேஸ் ஷீட்டில் திருத்தி எழுதிக்கொண்டார். எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. இந்த ஒரு டாக்டரை எனக்குப் பிடித்திருக்கிறது.

அக்டோபர் 14, திங்கள்

ஒரு கடிதம் எழுதிப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். தாளாளர் படித்துவிட்டு, "இது எதுக்கும்மா? சான்றிதழே போதுமே. பைல்ல வச்சிக்கிடுதோம்" என்றார்.

"பைல்ல வைக்கிறதுக்கு எழுதல. நான் சொன்னதை எத்தனை பேர் கேட்டாங்களோ, அத்தனை பேர் முன்னால படிக்கணும்" என்றேன்.

மூன்றரை மணிக்கு ஆசிரியர் கூட்டம். முப்பத்தோரு பேர். எப்சி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், மடியில் கை. நான் வருவேன் என்று அவளுக்குத் தெரியாது.

நின்று படித்தேன். "எப்சிபாவுக்குக் குடிப் பழக்கம் இருந்ததில்லை. உண்டு என்று நான் சொன்னது பொய். அவளுக்கு நோய் என்று கண்டுபிடிக்கத் தேவையான படிப்பு எனக்கு இருந்தது. ஒரு மாதம் தினமும் பார்த்தேன். குற்றம் தேடியதால் நோய் தெரியவில்லை. கொடுக்கக்கூடாத மாத்திரையை நான்தான் கொடுத்தேன்." இவ்வளவுதான் கடிதம். படிக்க ஒரு நிமிடம் ஆகவில்லை.

முன்வரிசையில் நரைத்த தலை டீச்சர் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்து, "சீ" என்றாள். சின்னச் சத்தம்தான். எல்லாருக்கும் கேட்டது. நான் ஆயிரம் பேரைப் பார்த்துச் சொல்லியிருக்கும் சொல். இவ்வளவு சரியான இடத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

வெளியே வேப்பமரத்தடி வரைக்கும் எப்சி மெதுவாகக் கூட வந்தாள்.

"இத நீ செஞ்சிருக்க வேண்டாம்" என்றாள்.

"வேணும்."

"சரி, வேணும்தான்." மரத்தில் சாய்ந்துகொண்டாள். "ஆனா இதோட முடிஞ்சிட்டுன்னு நெனச்சிராத. நீ அன்னைக்கு, உயிர் போற நேரத்துல, 'நடிக்காதே'ன்னு சொன்ன. அது இன்னும் என் காதுல கெடக்கு. எப்பப் போவும்னு தெரியல."

காலடியில் கிடந்த வேப்பஞ்சருகைச் செருப்பால் ஒதுக்கினேன்.

"அவரு வெள்ளிக்கெழமை மஸ்கட் போறாரு. அப்புறம் நான் தனியாத்தான் இருப்பேன். சனிக்கிழமை வா. மன்னிச்சிட்டேன்னு கூப்பிடல. மீன் வாங்கிட்டு வா. அறுத்து வாங்கிட்டு வா, என்னால அறுக்க முடியாது."

"என்ன மீன்?"

"பாறை. சின்னதாப் பாத்து வாங்கு. நீ எப்பவும் பெருசா, ருசியில்லாததா வாங்குவ."

சனிக்கிழமை முதல் பேருந்து காலை ஐந்தரைக்கு. மீன் சந்தை நாலரைக்கே திறந்துவிடுமாம். விசாரித்துவிட்டேன்.